இருபத்துநாலு

பீடி சுற்றும்போது நான் விரலைப் பார்ப்பதில்லை.
டிவியைப் பார்ப்பேன், வாசலில் போகிற
ஆலங்குளம் பஸ்ஸைப் பார்ப்பேன்,
கணக்கு நோட்டில் ரூத் செய்யும் பிழையைப் பார்ப்பேன்.
இலை தானாகச் சுருளும். தூள் தானாக அடங்கும்.
நூல் இரண்டு சுற்று. நுனி மடக்கு. அடுத்தது.
இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு.

ஒரே ஒரு நாள்
கம்பெனியிலிருந்து புதுச் செக்கர் வந்து
எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.
"நீ பாட்டுக்குச் சுத்தும்மா, நான் சும்மா பாக்கேன்."
அந்தச் சும்மாவில்தான்
எனக்குக் கட்டைவிரல் இருப்பதே தெரிந்தது.
எட்டு வருஷப் பழக்கம் முறத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு
இப்போ என்ன செய்யணும் என்று
என்னையே கேட்டது.
ஆறு பீடியைக் கழித்துப் போட்டார்.

ஆலங்குளத்தில் இரவாட்டம்.
ஆனிக் காற்று, மலையிலேயே
சாரலை இறக்கிவிட்டு
வெறுங்கையோடு வந்திருந்தது.
முதல் செட் போயிற்று.
இரண்டாவதில் இருபத்துநாலு, இருபத்துமூன்று,
எங்கள் பக்கம்.
பந்து என் கையில்.

விசில்.
எட்டு நொடி உண்டு.
வேண்டியதைவிட ஆறு நொடி அதிகம்.

காலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில்
வலைக்கு அந்தப்பக்கம் நாலு ஆடு மட்டும் மேயும்போது
இதே சர்வீஸை நூறு தடவை
ஒரே செங்கல் மேலே இறக்கியிருக்கிறேன்.
ஆடுகள் ஒருதரமும் நிமிர்ந்ததில்லை.
அதற்காகவே அவற்றின் மேல் எனக்கொரு மரியாதை.

பந்தைத் திருப்பி வால்வு ஓட்டையைத் தேடினேன்.
காற்றடிக்கும் ஊசி போகிற துளை,
மிளகு அளவு கறுப்பு.
அது முகத்துக்கு நேரே வந்துவிட்டால்
அப்புறம் உலகத்தில் வேறொன்றும் கிடையாது.

மைக்கில் ஒருத்தர்:
"இப்போது சர்வீஸ் போடுவது முக்கூடல் அணியின்
ஒன்பதாம் நம்பர் ஜெபக்கனி!
சகோதரிக்கு ஒரு கைதட்டல்!"

தட்டினார்கள்.
நல்ல மனசோடுதான் தட்டினார்கள்.
டிராக்டர் மேல் நின்ற ஒருவன்
செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.
அதன் வெளிச்சப் புள்ளி
வால்வு ஓட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.
நான் அதைப் பார்த்தேன்.

அவ்வளவுதான்.
பிறகு அதற்குள்ளிருந்து என்னைப் பார்த்தேன்:
ஒருத்தி நிற்கிறாள்,
முழங்கை இந்த உயரம் போதுமா,
தோள் முதலிலா, மணிக்கட்டு முதலிலா,
மூச்சை எப்போது விடுவாள்?
எங்கேயோ ஸ்டூல் இழுத்துப் போடும் சத்தம்.

பந்து வலையின் நடுவயிற்றில் முட்டி
கொஞ்ச நேரம் அங்கேயே யோசித்துவிட்டு
என் பக்கமே இறங்கியது.

பேச்சித்தாய் ஓடிவந்து முதுகில் தட்டினாள்.
"விடுட்டி, விடு."
அவள் கண் மட்டும் விடவில்லை.

இருபத்துநாலு, இருபத்தாறு.

டெம்போவில் யாரோ கடலைமிட்டாய் நீட்டினார்கள்.
வாங்கி, தின்னாமல், கையிலேயே வைத்திருந்தேன்.
இருபத்துநாலு பீடி உள்ள கட்டை
எந்தக் கம்பெனியும் எடுத்ததில்லை.

மறுநாள் மைதானத்துக்குப் போகவில்லை.
ரூத்தைக் கூப்பிட்டு
எதிரே ஸ்டூல் போடச் சொன்னேன்.
"உக்காரு. என் கையவே பாரு."
"எதுக்குக்கா?"
"சும்மா."

பார்த்தாள்.
யூனிபார்மில், ஒரு பக்கம் மட்டும் பின்னிய சடையோடு,
இமைக்காமல்.

முதல் இலை கிழிந்தது.
இரண்டாவதில் தூள் மடியெல்லாம் கொட்டியது.
மூன்றாவதற்கு நூல் சுற்றும்போது
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"சிரிக்காதட்டி, பாரு."
"பாத்துக்கிட்டுதானக்கா இருக்கேன்."

அவள் மூக்கோரத்தில் மிளகு அளவு மச்சம்.
இல்லை, அங்கே இல்லை.
நூலின் நுனியைப் பார்த்தேன்.

நாலாவது நின்றது.
கோணல்தான்.
எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.